கிளட்ச் வயருக்கு வழிவிட்ட குழாய்

என் காரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் என் இடது காலைப் பார்ப்பார்கள். அப்புறம் காரைப் பார்ப்பார்கள். மறுபடியும் காலைப் பார்த்துவிட்டு, "கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக்கலாமே சார்" என்பார்கள். "வாங்கிக் குடுங்க, ஓட்டுறேன்" என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும். எனக்கு இந்த வயதில் எரிச்சல் சீக்கிரம் வருகிறது. சின்ன வயதிலும் சீக்கிரம்தான் வந்தது என்று என் மனைவி சொல்வாள்.

நடக்கப் பழகும் முன்பே போலியோ வந்து அந்தக் காலை எடுத்துக்கொண்டது. தொடையிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம் மாட்டி, கையில் ஒரு கம்பும் வைத்துத்தான் நடக்கிறேன். வலது காலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் அது பார்த்துக்கொள்ளும். கிளட்ச்சுக்குத்தான் ஆள் இல்லை. அதனால் கியர் கம்பியின் தலையில், பைக்கில் இருப்பது மாதிரி ஒரு லீவரை வைத்திருக்கிறேன். இடது கையால் லீவரை அழுத்திக்கொண்டே அதே கையால் கியரையும் மாற்றுவேன். லீவரிலிருந்து ஒரு வயர் என்ஜின் பக்கம் போய்க் கிளட்ச்சை இழுக்கும். கீழே கால் கிளட்ச்சும் அப்படியேதான் இருக்கிறது. சர்வீஸுக்கு வண்டியை எடுக்கிறவர்களுக்கு அது வேண்டும்.

வண்டி பழைய பெட்ரோல் வண்டி. அந்த மாடலைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. எனக்குப் பழங்காநத்தத்தில் வீடு, தல்லாகுளத்தில் அரசாங்க வேலை. பெரியார் நிலையம், சிம்மக்கல், ஆற்றுப் பாலம், கோரிப்பாளையம் என்று ஊரின் குறுக்கே தினமும் போய் வருவேன். காலைப் போக்குவரத்தில் அந்த லீவரை எத்தனை தடவை இழுக்கிறேன் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, நான் உட்பட.

தொல்லை மேனிஃபோல்டில் ஆரம்பித்தது. என்ஜினின் நான்கு வாய்களிலிருந்தும் வரும் சூட்டுப் புகையை வாங்கி, ஒரே குழாயாகச் சேர்த்துச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புக் கட்டை அது. என் வண்டியில் அது பின்பக்கமாக வளைந்து, என் லீவரிலிருந்து வரும் வயருக்கு ஒரு விரல் தள்ளித்தான் போகும். அதில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் விழுந்தது. விரிசலிலிருந்து வந்த சூட்டுப் புகை நேராக வயர் மேல் அடித்தது. மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை வெந்து உள்ளே இருக்கும் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. வயரை மாற்றினேன், அதுவும் வெந்தது. விரிசலுக்கு வெல்டிங் வைத்தோம். வார்ப்பிரும்பு வெல்டிங்கைத் தாங்காமல் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விட்டது. வயரைச் சுற்று வழியாகக் கொண்டுபோய்ப் பார்த்தோம். லீவர் கல்லாகக் கனத்தது, சிம்மக்கல் தாண்டுவதற்குள் என் விரல்கள் மரத்துப்போயின.

ஒருநாள் மனைவியோடு கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறேன். முன்னால் டவுன் பஸ். பச்சை விழுந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்த நேரம், வெந்துபோன வயர் அறுந்து லீவர் கையோடு வந்துவிட்டது. வண்டி ஒரு எம்பு எம்பியது. பஸ் இன்னும் நகரவே இல்லை. நான் பிரேக்கை மிதித்த மிதியில் என்ஜின் அணைந்து நின்றபோது பஸ்ஸின் பின்புறம் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. மனைவி என் சட்டைக் கையை இறுகப் பிடித்திருந்தாள். கோபமாக வந்த போக்குவரத்துக் காவலர் என் காலைப் பார்த்ததும் குரலைத் தணித்து, "பாத்துப் போங்க சார், யாரையாவது ஓட்டச் சொல்லக் கூடாதா" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் பேசினாள்.

"ஒங்க வீம்புக்கு நான் தாலிய அறுக்கணுமா? இந்த வண்டியில நான் இனிமே ஏற மாட்டேன். நீங்களும் ஏறக் கூடாது."

"வயரு வேகுது. வேகாம செஞ்சுட்டா வண்டி ஓடும்."

"நீங்க புடிச்ச மொயலுக்கு எப்பவும் மூணு காலுதான்."

"எனக்கு ஒண்ணு, மொயலுக்கு மூணு. ரெண்டயும் சேத்தா நாலு ஆயிருச்சுல்ல. போதாதா?"

அவள் சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்குச் சிரித்திருப்பாள்.

அந்த வாரமே எனக்குப் பதவி உயர்வு வந்தது. கண்காணிப்பாளர். ஆனால் இடம் உசிலம்பட்டி. அடுத்த திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் கையைக் குலுக்கிவிட்டு, அதே மூச்சில் ஒரே யோசனையைச் சொன்னார்கள். "ஒரு மனு எழுதிக் குடுங்க சார். ஒங்களுக்கு இல்லாததா. மதுரைக்குள்ளயே போட்டுருவாங்க."

மனு கொடுப்பது தப்பில்லை. தேவைப்படுகிறவன் கேட்கத்தான் வேண்டும், கேட்டதைக் கொடுக்கத்தான் வேண்டும். அந்த உரிமைக்காக எங்கள் சங்கத்தோடு போய்க் கலெக்டர் அலுவலக வாசலில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த மனுவில், இவ்வளவு தூரம் என்னால் வந்துபோக இயலாது என்று எழுத வேண்டும். எனக்கு இயலும். என் வண்டிக்குத்தான் அப்போது இயலவில்லை. வண்டிக்காக நான் எப்படி என்னைப் பற்றி அப்படி எழுதுவது? மதுரைக்குள் காலியிடம் இல்லையென்றால் பதவி உயர்வு அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்பது தனி.

பஸ்ஸை நம்ப முடியாது. படி உயரம், கூட்டம், நான் கம்பை ஊன்றி ஏறுவதற்குள் விசில் கொடுத்துவிடுவார்கள். மச்சினன், "நான் தெனமும் கொண்டாந்து விடுறேன் மச்சான்" என்றான். அவனுக்குப் பழங்காநத்தத்தில் பலசரக்குக் கடை இருக்கிறது. "கடைய யாரு பாப்பா? ஒங்க அக்காவா?" என்றேன். நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. ஆக வண்டி சரியானால் உசிலம்பட்டி, ஆகாவிட்டால் மனு. இரண்டில் ஒன்று.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு என் கூட்டாளியின் சைலன்சர் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன். சௌராஷ்டிரக் குடும்பம். அவன் வீட்டில் எல்லோரும் பட்டு, ஜவுளி என்று இருக்க, இவன் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டான். என்மேல் கோபம் வந்தால் எனக்குப் புரியக் கூடாது என்று அவன் வீட்டுப் பாஷையில் திட்டுவான். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைகளை மட்டும் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும்.

"இந்த மாடலுக்கு மேனிஃபோல்டு எங்கயும் கெடைக்காது மாப்ள" என்றான். "பழைய இரும்புக் கடையில கெடக்குறது அம்புட்டும் இதே எடத்துல வெடிச்சுத்தான் கெடக்கு."

"அப்ப புதுசா செய்யி."

"செய்யிறதா? இது என்ன தோசைக்கல்லா?"

"தோசைக்கல்லு வேணும்னா ஒன்கிட்ட எதுக்கு வாரேன்?"

அவன் விரிசல் விட்ட கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வார்ப்பில் செய்ய முடியாது, குழாயில் செய்யலாம் என்றான். நான்கு வாய்க்கும் நான்கு தனிக் குழாய். பழையது மாதிரி பின்பக்கம் வளையாமல் நேராகக் கீழே இறங்கி, என்ஜினுக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்து சைலன்சருக்குப் போய்விடும். வயர் இருக்கிற பக்கமே சூடு எட்டிப் பார்க்காது. சுவரில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினான். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் பாதி உசிலம்பட்டி போய்ச் சேர்ந்த மாதிரி இருந்தது.

தடித்த இரும்புப் பட்டையில் இடுக்கை அடைக்கும் பழைய கேஸ்கட் தகட்டை வைத்து வாய்களை வரைந்து துளை வெட்டினான். வெல்டிங் சூட்டில் பட்டை வளைந்தால் என்ஜினோடு ஒட்டாது, இடுக்கில் புகை கசியும். அதற்காக, கடை மூலையில் கிடந்த உதவாத ஒரு என்ஜின் தலையில் பட்டையை போல்ட் போட்டு முறுக்கிவிட்டுத்தான் வெல்டிங் வைத்தான். குழாய்க்குள் மணலை அடைத்து, காஸ் சூட்டில் பழுக்க வைத்து, நசுங்காமல் வளைத்தான். நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். இது எதுக்கு, அது ஏன் இவ்வளவு, இது தாங்குமா. சாயங்காலம் சௌராஷ்டிரம் ஆரம்பித்தது. நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

குழாயை மாட்டிய அன்று வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. விரிசலின் டிக்டிக் சத்தம் போய், கனமான ஒரு உறுமல் வந்திருந்தது.

"சத்தத்தக் கேட்டியா மாப்ள? பயலுக இந்தச் சத்தத்துக்குத்தான் என் கடை வாசல்ல தவங் கெடக்குறாய்ங்க."

"எனக்குச் சத்தம் வேணாம். போலீஸ் புடிக்காம கொறச்சு வையி. வயரு வேகாம இருந்தாச் சரி."

அவன் வண்டிக்குள் உட்கார்ந்து என்ஜினை ஏற்றினான், கிளட்ச்சை மிதித்துக் கியர்களைப் போட்டுப் பார்த்தான். நான் கம்பை ஊன்றி நின்று என்ஜின் பக்கம் குனிந்து பார்த்தேன். என் வயர் குழாய்க்குப் பக்கத்திலேயே வரவில்லை. நான்கு விரல் இடைவெளி இருந்தது. சைலன்சருக்கு உள்ளே இன்னொரு தடுப்பு வைத்துச் சத்தத்தையும் அடக்கினான். டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினான். நான் வண்டியை எடுத்தேன்.

திருப்பரங்குன்றம் ரோட்டில் பசுமலை வரைக்கும் போய்த் திரும்பலாம் என்று நினைப்பு. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், ஊர்ந்துதான் போக முடிந்தது. லீவரைப் பிடிப்பதும் விடுவதுமாகவே பாதி வழி போனது. பசுமலை ஏறும் இடத்தில் அந்த வாடை வந்தது. வெந்த பிளாஸ்டிக் வாடை. அதை நான் தூக்கத்தில் கூடக் கண்டுபிடித்துவிடுவேன். ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி பானெட்டைத் திறந்தேன். வயர் குழாயிலிருந்து தள்ளித்தான் இருந்தது. ஆனால் உறையில் ஒரு இடம் கொப்புளம் கொப்புளமாக வெந்திருந்தது. தொடாத குழாய் எப்படிச் சுடும்?

டீக்கடைக்காரரிடம், "அண்ணே, உள்ள ஒக்காந்து கியர் கம்பியில இருக்கிற லீவர மட்டும் இழுத்துப் புடிங்க" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இழுத்தார். தொய்வாகக் கிடந்த வயர் விறைத்து, வளைவு நிமிர்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து குழாய் மேல் போய்ப் படுத்தது. "விடுங்கண்ணே." வயர் எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. "மறுபடி இழுங்க." மறுபடி படுத்தது.

அப்போதுதான் புரிந்தது. கடையில் அவன் கிளட்ச்சைக் காலால் மிதித்துப் பார்த்திருக்கிறான். கால் கிளட்ச்சுக்கு வயர் வேறு. அதை மிதித்தால் என் வயர் இன்னும் தொய்ந்து குழாயை விட்டு விலகும். கையால் இழுத்தால்தான் விறைக்கும். நானும் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறேன். இரண்டு காலும் உள்ளவன் கிளட்ச்சைச் சோதிக்க வேண்டுமென்றால் காலைத்தான் வைப்பான். அவனுக்குக் கை கிளட்ச் என்பது ஒட்டுப்போட்ட சமாச்சாரம், எனக்கு அதுதான் கிளட்ச்.

முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். நடந்ததைச் சொன்னதும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இம்புட்டுதானா? வயர்ல கொஞ்சம் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்தி விடுறேன். தாங்கும்."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "ஏறி ஒக்காரு" என்றேன்.

"எங்க?"

"டிரைவர் சீட்டுல. எடது கால மடக்கி அடியில போட்டு, அது மேலயே ஒக்காரு. கையிலயே ஓட்டு. மார்க்கெட் வரைக்கும் போயிட்டு வா. வந்து சொல்லு, கயிறு தாங்குமான்னு."

"ஒனக்குக் கிறுக்கா மாப்ள? சோலி கெடக்கு."

"நீ ஓட்டாம நான் இங்கிட்டுருந்து அசைய மாட்டேன்."

நான் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவன் சிரித்துக்கொண்டேதான் காலை மடக்கினான். கடை வாசலிலேயே வண்டி மூன்று தடவை அணைந்தது. ரோட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. பஸ்காரர் பின்னால் ஹாரனை அழுத்த, இவன் இடது கால் தன்னாலே வெளியே வந்து பெடலைத் தேடியது. கம்பால் முழங்காலில் ஒன்று வைத்தேன். "உள்ள வையி." ஒரு பூ வண்டிக்கு முன்னால் லீவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டி வந்தது. பூக்காரம்மா வண்டியைத் திருப்பும் வரைக்கும் நின்றோம். அவன் வலது கையையும் கொண்டுவந்து லீவரைப் பிடித்துக்கொண்டான். மார்க்கெட்டைச் சுற்றிக் கடைக்கு வந்து நிறுத்தியபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சீட்டை விட்டு இறங்காமல் கையை உதறிக்கொண்டே கேட்டான். "நான் மிதிச்சா அந்த நிமிசத்தோட சரி மாப்ள. நீ சிக்னல்ல பூராவும் இப்பிடிப் புடிச்சிக்கிட்டேவா நிக்கிற?"

"சில நேரம் நியூட்ரல் போடுவேன். ஊர்ந்து போறப்பப் புடிச்சுட்டேதான் இருக்கணும்."

"அப்ப அம்புட்டு நேரமும் வயரு குழாய் மேலதான கெடந்துருக்கும். கயிறு சுத்துனா நாலு நா தாங்காது." பானெட்டைத் திறந்து நெடுநேரம் பார்த்தான். "அறுத்துறலாம். இந்த ரெண்டு குழாயவும் அறுத்து முன்பக்கமா வளைக்கணும். மொத்தமும் மறுபடி."

செய்த வேலையை அறுக்க எந்தத் தொழில்காரனுக்கும் மனசு வராது. அவன் சொன்னதும் எனக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. ஆனால் அப்போது வியாழக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், கட்டர் தீப்பொறி பறக்க முதல் குழாயை அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அலுவலகத்திலிருந்து மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மனு வந்தா நான் அனுப்பிருவேன். அதுக்கப்புறம் என் கையில இல்ல. என்ன சொல்றீங்க?" என்றார்.

வண்டி ஜாக்கி மேல் நின்றது. மேனிஃபோல்டு பாதி அறுந்து தரையில் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் அது சரியாகும் என்று அதைச் செய்கிறவனே சத்தியம் பண்ண மாட்டான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. மனுவைக் கொடுத்துவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடலாம், தூங்கலாம், மனைவியும் சந்தோஷப்படுவாள். "வேணாம் சார்" என்றேன். "திங்கட்கிழமை உசிலம்பட்டியில சேந்துக்கிறேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தான் சார்."

போனை வைத்தபிறகு கூட்டாளியிடம் சொன்னேன். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். தன் வீட்டுப் பாஷையில் ஒரு நீளமான வாக்கியம் சொன்னான். பதிலுக்கு நான் தமிழில் அதையே சொன்னேன். அவன் மறுபடி கட்டரை எடுத்தான்.

வீட்டில் அது எடுபடவில்லை. "ஓடாத வண்டிய நம்பி வந்த ஒதவியத் தள்ளி விட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் முழுக்க நாங்கள் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எதை அளந்தாலும் லீவர் இழுத்த நிலையில்தான் அளக்க வேண்டும். லீவரை ஒரு சணல் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டோம். வயர் விறைத்து எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அதன் இடம், குழாய் அதற்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு குழாயை வளைத்து ஒப்பு வைத்துப் பார்த்தான், ரேடியேட்டர் விசிறியில் தட்டியது. எடுத்தான், சூடேற்றினான், கொஞ்சம் இறக்கினான். இப்போது ஸ்டார்டர் மோட்டாரில் இடித்தது. மறுபடி எடுத்தான். நான் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது குழாய் ஒரே தடவையில் உட்கார்ந்தது. அதை அவனே நம்பாமல் இரண்டு தரம் அளந்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வர மாட்டாள் என்று தெரியும். அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"ஏற மாட்டேன்னு சொன்ன?"

"நாளைக்கி நீங்க தனியாப் போகப் போறீங்க. அது வெடிச்சா இன்னைக்கே வெடிக்கட்டும். பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்க, கூட்டமா இருக்கிற பக்கம்."

அப்படியே போனேன். ஞாயிறு மாலை, ஊர் முழுக்க மாசி வீதிப் பக்கம்தான் கிடந்தது. ஆட்டோக்களுக்கும் பைக்குகளுக்கும் நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். நியூட்ரலே போடவில்லை, வேண்டுமென்றே லீவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை விட்டுப்போனது. மூக்கு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாடை, மல்லிகை, யாரோ பொரிக்கிற எண்ணெய் வாடை. பிளாஸ்டிக் வாடை வரவில்லை. சிம்மக்கல் போய்ப் பாலத்தைத் தாண்டி, அந்தக் கோரிப்பாளையம் சிக்னலுக்கே போய் நின்றோம். அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். பச்சை விழுந்தது, வண்டி நான் விட்டபடி நகர்ந்தது.

தல்லாகுளத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கி, "இதத் தெறங்க" என்று பானெட்டைக் காட்டினாள். திறந்து, கிட்ட நின்ற ஒருவரிடம் லீவரை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். "எது வயரு?" என்று கேட்டாள். காட்டினேன். சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, வெறும் விரலை வயரில் வைத்தாள். வைத்த விரலை எடுக்கவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவிப் பார்த்தாள்.

"சுடல" என்றாள். அப்புறம், "காலையில எத்தன மணிக்குக் கெளம்பணும்? சோறா, இட்லியா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். வெயில் அப்போது இறங்கி வெகு நேரமாகியிருந்தது.

திங்கட்கிழமை காளவாசல் தாண்டித் தேனி ரோட்டைப் பிடித்தேன். நாகமலைத் தொடர் ஒரு பக்கம் கூடவே வந்தது. செக்கானூரணி சந்தைக் கூட்டத்தில் கொஞ்சம் லீவர் வேலை இருந்தது. அதற்கப்புறம் ரோடு விரிந்து கிடந்தது. டாப் கியரில் போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன். வாய்விட்டுப் பாடினேன். எனக்குப் பாட வராது, கேட்க ஆளும் இல்லை.

உசிலம்பட்டி அலுவலக வளாகத்துக்குள் நுழைந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். வாசலில் நின்ற அலுவலக உதவியாளர், ஐம்பது வயதிருக்கும், ஓடி வந்தார். புது கண்காணிப்பாளர் எப்படிப்பட்டவர் என்று முன்னாடியே பேச்சு வந்து சேர்ந்திருக்கிறது. நேராக இடது பக்கம் போய்க் கதவைத் திறந்து, என்னை இறக்குவதற்குக் கையை நீட்டினார். சீட்டில் சாப்பாட்டுப் பை மட்டும் இருந்தது. குனிந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். கியர் கம்பியைப் பார்த்தார்.

"டிரைவர் எங்க சார்?"

"நான்தான்."

"மதுரையில இருந்தா?"

"மதுரையில இருந்துதான். தெனமும்."

அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சாப்பாட்டுப் பையை எடுத்தார். நான் இந்தப் பக்கம் கதவைத் திறந்து, காலைத் தூக்கி வெளியே வைத்து, சட்டத்தைப் பூட்டி எழுந்து நிற்கும் வரை காத்திருந்தார். உதவி செய்யட்டுமா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள், எனக்கு வாயில் பதில் தயாராக இருந்தது. அவர் தலையைச் சொறிந்தார்.

"சார், எனக்குச் செக்கானூரணி. சாயங்காலம் பஸ்ஸுல நிக்கக்கூட எடம் கெடைக்காது. போற வழிதான... என்னையும் ஏத்திட்டுப் போயி எறக்கி விட்டுருவீங்களா?"

என்னை எங்கேயாவது கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கொண்டுபோய் விடச் சொல்லி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். என் பதில் கொஞ்சம் அதட்டலாகவே வந்தது.

"வேலை முடிஞ்சதும் வண்டிகிட்ட வந்து நில்லுங்க. லேட்டாக்குனா விட்டுட்டுப் போயிருவேன்."